'கார்டு இல்லை' என்கிறதா? வாங்க, உள்ளே இறங்கிப் பார்ப்போம்!

கையடக்க கேம் இயந்திரமான பிஎஸ்பியின் முகப்புத் தகட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்? நான் பார்த்தது புதுச்சேரி கோரிமேட்டில், திண்டிவனம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருக்கும் செல்போன் சர்வீஸ் கடையில். கவுன்டருக்கு வெளியே நிற்பவர்களுக்கு பவுச்சும் டெம்பர்டு கிளாஸும் மட்டும்தான் தெரியும். உள்ளே வந்து உட்காருங்கள் என்று ஸ்டூல் போட்டுவிட்டார் கடைக்காரர். அப்புறம் பார்த்ததையெல்லாம் சொல்லாமல் எப்படி இருப்பது!

மேசை மேல் பச்சை ரப்பர் விரிப்பு. தலைக்கு மேலே வளையும் கழுத்துள்ள பூதக்கண்ணாடி விளக்கு. ஹாட் ஏர் கன், மல்டிமீட்டர், ட்வீசர், சின்னப் பாட்டிலில் ஐபிஏ என்று இவர்கள் சொல்லும் ஆல்கஹால். நடுவில் நோயாளி: கறுப்பு நிற பிஎஸ்பி 3000. பக்கத்தில் தன்வந்திரி நகர் ஜிப்மர் விடுதியிலிருந்து வந்திருக்கும் மாணவர். இயந்திரம் நன்றாகவே ஓடுகிறது, திரை பளிச்சென்று எரிகிறது. ஆனால் கேம் பட்டியலைத் திறந்தால் மெமரி ஸ்டிக்கே செருகவில்லை என்று அடம்பிடிக்கிறது. உள்ளே இருப்பது அவருடைய அண்ணன் பள்ளிக்கூட நாளில் பாதியில் நிறுத்தி வைத்த 'ஜிடிஏ: வைஸ் சிட்டி ஸ்டோரீஸ்' சேவ்.

"கேம் போனா போவுதுண்ணா. அந்த சேவ் மட்டும் வந்தா போதும்."

"அழுத்திக் கிழுத்தித் தொலைக்கலியே? ஃபார்மட் குடுத்தியா?"

"இல்லண்ணா."

"அப்ப பயப்படாத தம்பி."

பிஎஸ்பி 2004 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்தது. உலகம் முழுக்க 7 கோடிக்கு மேல் விற்று, 2014-ல் தயாரிப்பு நின்றது. நம் ஊர்க் கபடியையும் கில்லியையும் வைத்து ஹைதராபாத் கேம்சாஸ்த்ரா உருவாக்கிய 'தேசி அட்டா'கூட இதற்கு வந்ததே, நினைவிருக்கிறதா? கேம் தட்டில் எதையும் எழுத முடியாது என்பதால் ஆட்டக்காரர் சேர்த்துவைத்த எல்லாமே மெமரி ஸ்டிக் ப்ரோ டுவோ என்ற சின்னஞ்சிறு கார்டுக்குள்தான் போகும். 31 மில்லிமீட்டர் நீளம், 20 மில்லிமீட்டர் அகலம், 1.6 மில்லிமீட்டர் தடிமன். ஒரு ஓரத்தில் பொன்முலாம் பூசிய 10 தொடுபுள்ளிகள். அந்தப் பத்தில் ஒன்று ஒழுங்காகத் தொடவில்லை என்றாலும் கார்டே இல்லை என்றுதான் இயந்திரம் சொல்லும்!

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி, துப்பறிதல். குற்றவாளி கார்டா, ஸ்லாட்டா? கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரைத் தொடவே இல்லை. இழுப்பறையிலிருந்து நன்றாக ஓடும் வேறொரு மெமரி ஸ்டிக்கை எடுத்து பிஎஸ்பிக்குள் தள்ளினார். கார்டு படிக்கப்படும்போது இடப்பக்கம் மினுக்க வேண்டிய ஆரஞ்சு விளக்கு மூச்சே விடவில்லை. அப்படியென்றால் ஸ்லாட் பக்கம் கோளாறு. அத்தோடு விட்டாரா? மாணவரின் கார்டைக் கார்டு ரீடரில் போட்டு கம்ப்யூட்டரில் செருகினார். டிரைவ் எழுத்து வந்தது. கூடவே, டிஸ்க்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா என்று ஒரு பெட்டி. ஆக, இரண்டு இடத்திலும் கோளாறு! ஒன்றுக்கொன்று தொடர்புள்ள கோளாறுகள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஃபார்மட் பெட்டியை மூடிவிட்டு முதலில் ஸ்லாட்டுக்குப் போனார்.

பேட்டரி வெளியே. இதை மட்டும் மறக்கவே கூடாது. பிஎஸ்பி பேட்டரிகளுக்கு வயதாகிவிட்டது, பல உப்பிப்போய்ப் பின்மூடியையே தள்ளிக்கொண்டு நிற்கும். அப்படி உப்பியிருந்தால் குத்தாமல், நெளிக்காமல் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். பிறகு ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாக விரிப்பில் வரிசை கட்டின. முகப்புத் தகடு மேலே வந்தது. திரையைத் தூக்கினால் அதன் அடியில் காகிதத் தடிமனில் ரிப்பன் கேபிள்கள். அவசரப்பட்டு இழுத்தால் கிழியும், அதனால் முதலில் பூட்டை நிமிர்த்தி, பிறகுதான் உருவ வேண்டும். ட்வீசர் முனை அந்தப் பூட்டை நிமிர்த்தியபோது என் மூச்சு நின்றே போயிற்று.

உள்ளே ஒரு சந்தோஷ அதிர்ச்சி காத்திருந்தது. கார்டு ஸ்லாட் தாய்ப் பலகையில் இல்லை! வைஃபைக்கும் மெமரி ஸ்டிக்குக்கும் சேர்த்துத் தனியாக ஒரு குட்டிப் பலகை, அதிலிருந்து தாய்ப் பலகைக்கு ஒரு கேபிள். ஸ்லாட் அறவே போய்விட்டால் அந்தக் குட்டிப் பலகையை மட்டும் மாற்றினால் தீர்ந்தது. பழுது பார்ப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இப்படிப் பிரித்துப் பிரித்துச் செய்த இயந்திரங்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. இன்றைய கைக்கருவிகளில் இந்தக் குணம் அருகி வருவது வருத்தமாக இருக்கிறது.

பூதக்கண்ணாடியில் ஸ்லாட்டின் வாயைப் பார்த்தேன். வளைந்த மெல்லிய பின்கள் வரிசையாக, அவற்றில் இரண்டின் மேல் மங்கிய பச்சைப் படலம். புதுச்சேரிக் கடற்காற்றின் உப்பும் ஐப்பசி கார்த்திகை ஈரமும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். பொன்முலாம் தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள உலோகம் அரிக்கத் தொடங்கிவிடுகிறது. ஐபிஏ தொட்ட மெல்லிய பிரஷ், பின்கள் நீளும் திசையிலேயே ஒரு வருடல், காய விட்டு மறுபடி ஒரு வருடல். கார்டின் தொடுபுள்ளிகளை மிருதுவான பென்சில் ரப்பரால் லேசாகத் துடைக்கலாம் என்றார். ஆனால் ரப்பர் ஸ்லாட்டுக்குள் போகவே கூடாது, துகள் சிக்கினால் பின் மடங்கிவிடும். டிவி கேம் கேசட்டை வாயால் ஊதி வளர்ந்த தலைமுறைக்கு ஒரு வார்த்தை: ஊதாதீர்கள்! மூச்சில் இருக்கும் ஈரம்தான் அரிப்புக்குத் தீனி. நின்டென்டோ நிறுவனமே தன் கேசட்டுகளை ஊத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது.

கேபிளை மறுபடி பூட்டி, பேட்டரி போட்டு, இழுப்பறைக் கார்டைச் செருகினார். ஆரஞ்சு விளக்கு மினுக்கியது! மாணவர் எழுந்தே நின்றுவிட்டார்.

இனி அந்தக் கார்டு. இதற்குள் நடக்கும் வேலையைக் கேட்டால் பிரமித்துப் போவீர்கள். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகாவும் அவரது குழுவும் 1987-ல் உலகுக்குக் காட்டிய நாண்ட் ஃபிளாஷ்தான் உள்ளே இருப்பது. கண்ணுக்குத் தெரியாத சிறைகளில் எலெக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் இதன் நினைவு. மின்சாரம் நின்றாலும் அவை சிறைக்குள்ளேயே இருக்கும், ஆனால் பல வருடம் பெட்டிக்குள் கிடந்தால் மெல்லக் கசியும். இதில் எழுதுவது ஒரு விதம், அழிப்பது வேறொரு விதம். ஒரு எழுத்தை மட்டும் தனியாக அழிக்க வழியில்லை, பெரிய பாளமாகத்தான் அழிக்க முடியும். அதனால் கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் என்ற குட்டி மூளை, பாளத்தில் இருக்கும் பழைய விவரங்களை வேறிடத்துக்கு நகர்த்தி, புதியதையும் சேர்த்து எழுதிக்கொண்டே இருக்கிறது. அந்த நகர்த்தலின் நடுவில் தொடர்பு அறுந்தால்? சம்பந்தமே இல்லாத பக்கத்து விவரமும் சேர்ந்து போகும்.

இரண்டு கோளாறுக்கும் உள்ள உறவு இப்போது புரிந்துவிட்டதா! ஸ்லாட்டின் பின் சரியாகத் தொடவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு விட்டு விட்டு வந்தது. அந்த இழுபறியில் கார்டின் முகவரி ஏட்டில் முதல் பக்கம் கெட்டது. சிட்டா கிழிந்துவிட்டால் நிலம் காணாமல் போய்விடுவதில்லையே? சேவ் ஃபைல்கள் அங்கேயேதான் இருக்கின்றன. ஃபார்மட் கொடுத்து மேலே புதிதாக எழுதினால்தான் நிலமே கைமாறும். கெட்டுப்போன கார்டுகளைக் கொன்றதில் பெரும்பங்கு கோளாறுகளுக்கு அல்ல, அவசரமாக அழுத்தப்பட்ட அந்த ஃபார்மட் பொத்தானுக்கு என்பது என் உறுதியான எண்ணம்.

கடைக்காரர் முதலில் கார்டு முழுவதையும் ஒரே ஃபைலாகக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்தார். இனிமேல் எல்லா முயற்சியும் நகலின் மேல்தான், மூலத்தைத் தொடுவதில்லை. பிறகு டெஸ்ட்டிஸ்க் என்ற இலவச மென்பொருளைத் திறந்தார். இதை எழுதியவர் கிறிஸ்டோஃப் கிரெனியே, பிரான்ஸ்காரர். புதுச்சேரிக்குப் பொருத்தமான உறவுதான்! கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து, அலங்காரம் கிடையாது. ஆனால் அது செய்யும் வேலை! கார்டில் ஃபைல்களை அடுக்கும் ஃபேட்32 முறையில் தொடக்க செக்டருக்கு 6-ஆம் எண் செக்டரில் ஒரு நகல் வைக்கப்பட்டிருக்கும், வெறும் 512 பைட். முகவரி அட்டவணையும் இரண்டு பிரதி. 1977-ல் பிறந்த ஃபேட் குடும்பத்தின் இந்த முன்யோசனை, கோரிமேட்டில் ஒரு மாணவரின் முகத்தில் சிரிப்பாக வந்து நின்றது. தொடக்க செக்டர் கெட்டிருந்தது, நகல் நலமாக இருந்தது. பட்டியலைக் கேட்டதும் வரிசையாகக் கோப்புறைகள்: பிஎஸ்பி, அதற்குள் கேம், சேவ்டேட்டா. அண்ணனின் சேவ் அங்கேயே உட்கார்ந்திருந்தது!

அதைக் கம்ப்யூட்டரில் பத்திரப்படுத்திய பிறகுதான் ஃபார்மட். அதையும் கம்ப்யூட்டரில் செய்யவில்லை, பிஎஸ்பியின் சிஸ்டம் செட்டிங்ஸிலிருந்தே செய்தார். இயந்திரம் தனக்குப் பிடித்த மாதிரி கார்டை ஒழுங்குபடுத்திக்கொள்ளும். பின்பு சேவ்டேட்டாவைத் திருப்பி ஏற்றினார். கேம் திறந்தது, நீல வானமும் பனைமரமும் திரையில் வந்தன. மாணவர் உடனே அண்ணனுக்கு வீடியோ கால் போட்டார்.

எல்லாக் கதையும் இப்படி முடியாது. போலி கார்டு என்று ஒரு கூட்டம் உண்டு. உள்ளே இருப்பது 8 ஜிபி, கன்ட்ரோலர் 64 என்று பொய் சொல்லும். உண்மையான கொள்ளளவு தாண்டியதும் பழைய கேமின் மேலேயே புதியது விழும், அல்லது வெற்றிடத்தில் போகும். புதிதாக வாங்கிய கார்டை ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருள் கொண்டு ஒருமுறை முழுதாக எழுதிப் படித்துப் பார்த்துவிட்டால் குட்டு வெளிப்படும். பிஎஸ்பிக்கு மைக்ரோ எஸ்டி அடாப்டர் போடுபவர்கள், இரண்டு கார்டு பிடிக்கும் அடாப்டர்களில் ஒன்று போனால் மற்றதில் உள்ளதும் போச்சு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து மேசைக்கு வந்தது இப்போது பசங்க கையில் அதிகம் புழங்கும் ஆர்36எஸ் என்ற கையடக்க கேம் இயந்திரம். மூன்றரை அங்குலத் திரை, லினக்ஸ் வகை சிஸ்டம், இரண்டு மைக்ரோ எஸ்டி ஸ்லாட். இதில் விசேஷம் என்னவென்றால் சிஸ்டமே கார்டில்தான் இருக்கிறது! கார்டு படிக்கவில்லை என்றால் செய்தியே வராது, கறுத்த திரைதான். இயந்திரம் செத்துவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போட வேண்டாம். கூடவே வரும் பெயரில்லாத கார்டுதான் பெரும்பாலும் முதலில் போகும். நல்ல கார்டில் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்றினால் மறுபடி ஓடும். ஆனால் ஒரே பெயரில் வரும் இயந்திரங்களிலேயே திரை வேறு வேறு என்பதால், பழைய கார்டு உயிரோடு இருக்கும்போதே அதிலுள்ள, திரை வகையைச் சொல்லும் டிடிபி ஃபைலை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அது பொருந்தாவிட்டால் எல்லாம் ஓடும், திரை மட்டும் எரியாது. 2025 ஜூன் 5-ல் வந்த நின்டென்டோ சுவிட்ச் 2 வேறு ரகம். சாதாரண மைக்ரோ எஸ்டியில் கேம் ஏற்ற அது ஒப்புக்கொள்ளாது, மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டுதான் கேட்கும். அது கோளாறு அல்ல, யாரும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு பிஎஸ்பி தூங்கிக்கொண்டிருக்கலாம். இன்றைக்கே எடுங்கள். மினி யுஎஸ்பி கேபிள் கிடைக்காவிட்டால் கார்டு ரீடர் போதும். சேவ்டேட்டா கோப்புறையை அப்படியே கம்ப்யூட்டரில் ஒரு நகல் எடுங்கள், பெரிய இடமெல்லாம் பிடிக்காது. ஆரஞ்சு விளக்கு மினுக்கும்போது கார்டை உருவாதீர்கள். ஃபார்மட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார்டை உங்கள் ஊர் சர்வீஸ் கடையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.