கழிவுத்துணி யாருடைய கலை?



சருகு, மண், துருப்பிடித்த தகடு, கிழிந்த துணி என்று கிடைத்ததை அடுக்கி, எந்த உருவத்தையும் காட்டாமல் பார்ப்பவரை அமைதிக்குள் இழுக்கும் படைப்புகளைக் கலைக்கூடங்களில் பார்க்கிறோம். அரூபக் கலை என்கிறார்கள், தியானம் என்கிறார்கள். பொருளைக் 'கண்டெடுத்தது' என்கிறார்கள். இந்தக் கடைசிச் சொல்தான் நமக்கு உறுத்துகிறது.

நாம் பேசுவது பல்லடத்தில். இங்கே பனியன் கம்பெனியின் கட்டிங் மேசையிலிருந்து விழும் துண்டை யாரும் கண்டெடுப்பதில்லை. அது மூட்டையாகி, கிலோக் கணக்கில் விலைபோய், குடோனுக்கு வருகிறது. பெண்கள் தரையில் உட்கார்ந்து நிறம்வாரியாகப் பிரிக்கிறார்கள். ஒரு பங்கு எந்திரம் துடைக்கப் போகும். ஒரு பங்கு ஓ.இ. மில்லில் மறுபடியும் நூலாகி, தறியில் காடா துணியாகும். சிவப்புக்குள் எத்தனை சிவப்பு உண்டு என்பது அந்தக் கைகளுக்குத் தெரியும். அதை யாரும் கலையறிவு என்று சொன்னதில்லை. கழிவைத் தொடுவது நம்மில் பலருக்குச் சாதி விதித்த வேலை. ஓவியருக்கோ அது அவராகத் தேர்ந்தெடுத்த பொருள். கதை இங்கேதான் இரண்டாகப் பிரிகிறது.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்திகள் வாழ்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். கோவாவின் போர்த்துகீசியரிடமிருந்து தப்பிக் காட்டுக்குள் வந்தவர்களும் அவர்களின் முன்னோரில் உண்டு. 2003இல்தான் அங்கே பட்டியல் பழங்குடி ஆனார்கள். அந்தப் பெண்கள் நைந்த சேலையிலும் சட்டையிலும் 'கவந்தி' என்ற போர்வையைத் தைக்கிறார்கள். அடியில் ஒரு பழைய சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றித் துண்டுகளை வைத்துத் தைத்துக்கொண்டே உள்ளே நகர்ந்து நடுவில் வந்து முடிக்கிறார்கள். முன்கூட்டி வரைந்த கோலம் கிடையாது. எந்தத் துண்டு அடுத்து வரும் என்பதைக் கையிலிருக்கும் துணியும் கண்ணும் முடிவு செய்கின்றன. மூலைகளில் 'பூலா' எனும் மடித்த சிறு துண்டுகள், அதாவது பூக்கள், இல்லாவிட்டால் அது அம்மணமான போர்வை என்பார்கள். இந்து, இசுலாமிய, கிறித்துவச் சித்திகள் எல்லோருமே தைக்கிறார்கள். ஓட்டுத் தையல் போட்டுப்போட்டு வரும் மௌனத்தைத் தியானம் என்று சொல்வதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அது குளிருக்குப் பிள்ளைகளைப் போர்த்தத் தைத்தது.

அமெரிக்காவில் அலபாமாவின் ஜீஸ் பெண்டில் பருத்தித் தோட்ட அடிமைகளின் வாரிசுகளும் இதையே செய்தார்கள். 1942இல் மிசௌரி பெட்வே இறந்த கணவரின் வேலைத்துணிகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். சாயம் போன துண்டுகள், நேர்க்கோடுகள், வேறொன்றும் இல்லை. துக்கத்தை உருவமில்லாமல் காட்ட முடியுமா என்று கேட்கும் மாணவர்கள் அதன் படத்தைத் தேடிப் பாருங்கள். 1962இல் அந்த ஊர்க் கறுப்பர்கள் வாக்காளராகப் பதிய முயன்ற காலத்தில் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மறுபடி வந்தது 2006இல். இடையில், 2002இல், அவர்களின் போர்வைகள் நியூயார்க் அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. நவீன ஓவியத்துக்கு நிகர் என்று விமர்சகர்கள் வியந்தார்கள். 2007இல் சில பெண்கள் தங்களுக்கு உரிய பணம் வரவில்லை என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது.

ஒன்றையாவது அங்கே மறைக்க முடியவில்லை: போர்வைக்குப் பக்கத்தில் தைத்தவரின் பெயர் இருந்தது. நம் ஊர்க் கழிவுத்துணியில் செய்த கலைக்குப் பக்கத்தில் என்ன எழுதுவார்கள்? 'துணி, நூல்' என்றுதான். அதை நிறம் பிரித்தவர் பெயர் எங்கே என்று கேட்போம்.