திரைவழித் தாய்மைத் துணை

நுழையும்முன்

குழந்தையுடன் வீடு திரும்பும் தாய்க்கு முதற்சில வாரங்கள் ஐயமும் அயர்வும் நிறைந்தவை. அந்நாள்களில் தக்க நேரத்தில் கிடைக்கும் அறிவுரை, குழந்தையின் முதல் உணவைக் காக்கும் ஆற்றலுடையது. அவ்வறிவுரையைத் தொலைவிலிருந்து கொண்டுசேர்க்கும் காணொலி அழைப்பைப் பற்றி இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டில் தொடங்கும் சிக்கல்

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தொடங்கப்பட வேண்டும். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தரப்பட வேண்டும். பின்னர் இணை உணவுடன் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தொடரலாம் என்பது உலக நலவாழ்வு அமைப்பின் பரிந்துரை. 2019-21 ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிறப்புகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. ஆனால், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே பெற்றவர்கள் ஏறத்தாழ 55 விழுக்காட்டினரே. இந்திய அளவிலான விழுக்காடோ ஏறத்தாழ 64. மகப்பேற்று மருத்துவத்தில் முன்னிற்கும் மாநிலம் இதில் பின்தங்குவது ஏன்?

பிறப்பு மருத்துவமனையில் நிகழ்கிறது. பாலூட்டலோ வீட்டில் தொடர்கிறது. பால்கட்டு, காம்பு வெடிப்பு, இரவெல்லாம் அழும் குழந்தை ஆகிய சிக்கல்கள் பெரும்பாலும் தாய் வீடு திரும்பிய பின்னரே தலைதூக்குகின்றன. அனுபவம் மிக்க பாட்டியர் உடனிருந்த கூட்டுக்குடும்பங்கள் குறைந்துவிட்ட இக்காலத்தில், ‘பால் போதவில்லை’ என்ற ஐயமே பல வீடுகளில் புட்டிப்பாலுக்கு வழிதிறக்கிறது.

சுரக்கும் முறை

குழந்தை சுவைக்கும்போது எழும் உணர்வு, தாயின் மூளையடிச் சுரப்பியைத் தூண்டுகிறது. அங்கிருந்து வெளிப்படும் புரோலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் அதனை வெளியேறச் செய்கிறது. எந்த அளவிற்குப் பால் அருந்தப்படுகிறதோ அந்த அளவிற்கே மீண்டும் சுரக்கும். புட்டிப்பால் புகுந்தால் குழந்தை தாயிடம் அருந்துவது குறைகிறது. அருந்துவது குறையவே சுரப்பும் குறைகிறது. இறுதியில், வெறும் ஐயமாகத் தொடங்கியது உண்மையாகிவிடுகிறது. இச்சுழற்சியைத் தொடக்கத்திலேயே நிறுத்துவதற்குத்தான் உடனடித் துணை தேவைப்படுகிறது.

குரலிலிருந்து காட்சிக்கு

தொலைவிலிருந்து துணைபுரிதல் புதியதன்று. 1956 இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஏழு தாய்மார்கள் தொடங்கிய ‘லா லெச்சே லீக்’ என்னும் அமைப்பு, தொலைபேசி வழியாகவும் தாய்மார்க்கு வழிகாட்டியது. கனடாவின் ஒண்டாரியோவில் 256 தாய்மாரிடம் நடந்த ஆய்வு 2002 இல் வெளிவந்தது. அனுபவமுள்ள தாய்மாரின் தொலைபேசித் துணையைப் பெற்றவர்களுள் 81 விழுக்காட்டினரும், பெறாதவர்களுள் 67 விழுக்காட்டினரும் மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் ஊட்டிவந்தனர். நாக்பூரில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பெண்களிடம் கைப்பேசி வழி அறிவுரையின் பயனை ஆராய்ந்த மற்றோர் ஆய்வும் 2018 இல் வெளிவந்தது. வாரந்தோறும் அறிவுரை பெற்றோரிடையே, ஆறாம் மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே ஊட்டும் வழக்கம் மிகுந்திருந்ததை அது காட்டியது.

2020 இல் பெருந்தொற்று நேரடிச் சந்திப்புகளைத் தடுத்தபோது, காணொலி அழைப்பு பரவலாயிற்று. அவ்வாண்டு மார்ச் 25 அன்று இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாயின. ஏப்ரலில் ‘இ-சஞ்சீவனி’ வெளிநோயாளர் சேவை தொடங்கியது.

திரை காட்டுவது என்ன?

குரலழைப்பில் தாய் சொல்வதை மட்டுமே கேட்க இயலும். காணொலியிலோ, அவர் சொல்ல அறியாததையும் காணலாம். குழந்தையின் வாய் அகலத் திறந்துள்ளதா, கீழுதடு வெளிப்புறம் மடிந்துள்ளதா, தாடை மார்பைத் தொடுகிறதா, தலையும் உடலும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்பவற்றை ஆலோசகர் கவனிக்கிறார். ஒரு பொம்மையை ஏந்தித் தாங்கும் முறையைச் செய்துகாட்டுகிறார். நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பாலூட்டுதல், முதல் வாரத்திற்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தல், எடை சீராகக் கூடுதல் ஆகியன பால் போதுமானது என்பதற்கான அறிகுறிகள் என விளக்குகிறார். இவற்றை அறிந்த தாய் அழுகையைக் கண்டு அஞ்சுவதில்லை, கணக்கிட்டுத் தெளிகிறார்.

எல்லையூரும் மொழியும்

திருத்தணியை அடுத்த கனகம்மாசத்திரம் போன்ற ஊர்களை எண்ணிப் பார்க்கலாம். வழிப்போக்கர்க்கு இடமளிக்கும் ‘சத்திரம்’ என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய ஊர் அது. 1960 இல் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துடன் இணைந்தது திருத்தணி. இவ்வெல்லைப் பகுதியில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வீடுகளில் ஒலிக்கின்றன. பச்சிளங்குழந்தையுடன் பேருந்தேறி ஒவ்வொரு முறையும் நகர மருத்துவமனைக்குச் செல்வது தாய்க்கு எளிதன்று. பேறுகாலத்திற்குப் பிறந்தவீடு வந்த பெண்ணுக்கும், மணமாகி மொழி மாறிய ஊரில் வாழும் பெண்ணுக்கும் தம் தாய்மொழியிலேயே ஐயம் தீர்க்கும் வாய்ப்பைக் காணொலி தர இயலும். வலியையும் அச்சத்தையும் தாய்மொழியில்தான் முழுமையாகச் சொல்ல முடியும்.

வரம்புகளும் பொறுப்பும்

திரை மருத்துவரின் கைகளாகிவிடாது. குழந்தை பாலருந்த மறுத்துச் சோர்ந்திருந்தாலும், காய்ச்சல் கண்டாலும், உள்ளங்கையும் உள்ளங்காலும் மஞ்சளாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணையும், மருத்துவ அறிவுரைக்கு 104 என்ற எண்ணையும் அழைக்கலாம். குழந்தையை எடை பார்ப்பதற்கும் தொட்டுச் சோதிப்பதற்கும் கிராமச் சுகாதாரச் செவிலியரின் வருகை இன்றியமையாதது.

மேலும், பாலூட்டல் தாயின் அந்தரங்கம். அவருடைய இசைவின்றிக் காட்சியைப் பதிவு செய்தலும் பகிர்தலும் பெருங்குற்றம். வீட்டின் ஒரே கைப்பேசி கணவரிடமோ மகனிடமோ இருக்குமானால், தனியறையையும் சிறிது நேரத்தையும் சேர்த்து அதனைத் தாயிடம் ஒப்படைப்பது குடும்பத்தாரின் கடமை.

தெரியுமா?

ஆண்டுதோறும் ஆகஸ்டு 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம் கொண்டாடப்படுகிறது. தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் 2015 இல் திறக்கப்பட்டன.

பாலூட்டல் தாய் ஒருவரின் தனிப்பணி எனக் கருதப்படும்வரை, அதன் தோல்வியும் அவர்மீதே சுமத்தப்படும். சுற்றமும் செவிலியரும் ஆலோசகரும் தோள்கொடுக்கும்போது அது ஊரின் பணியாகிறது. பொழுதுபோக்கிற்கெனக் கைகளில் தவழும் கைப்பேசி, அண்டைவீட்டுத் தாயின் ஐயத்தைத் தீர்க்கவும் உதவும் என்பதை இளையோர் உணர்ந்தால், தொலைவு ஒரு தடையாக இராது.