கழிமுக நீரும் எண்ணெய்க் கறையும்

திருகோணமலை மண்ணில் வளர்ந்தோர்க்குக் கடல் அயலான பொருளன்று. கொட்டியாரக் குடாவிலே மகாவலி வந்து கலக்கின்றது. தம்பலகாமக் குடாவின் ஆழங்குறைந்த நீரிலே மீனும் இறாலும் மட்டியும் பெருகுகின்றன. அந்நீர்ப்பரப்பை அடுத்தே சீனக்குடாவில் ஆங்கிலேயர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்வது. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானத் தாக்குதலில் அங்கு ஒரு குதம் தீப்பற்றி எரிந்தது. 2022 சனவரியில் இக்குதங்களைப் புதுக்கிப் பயன்படுத்த உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின. ஆதலின், நீரில் எண்ணெய் கலப்பதை அறியும் வழியை நாம் கற்றல் நன்று.

முதற் கருவி கண்ணே. மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்கிரோன் எனப்படும். நீர்மேல் வெள்ளிபோல் மின்னும் படலம் 0.04 முதல் 0.3 மைக்கிரோன் வரை தடிப்புடையது. வானவில் நிறங் காட்டுவது 5 மைக்கிரோன் வரை தடிப்புடையது. 200 மைக்கிரோனைக் கடந்தால் எண்ணெய் தன் கருநிறத்தையே காட்டும். ஒரு சதுரக் கிலோமீற்றர் வெள்ளிப் படலத்துக்கு 40 லீற்றரே போதும். ஆகவே பரந்த மினுக்கத்தினும் சிறிய கருந்திட்டு கொடியதாதல் கூடும்.

சேற்றுநீரில் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் இரும்புப் படலமும் எண்ணெய்போல் மின்னும். ஒரு குச்சியாற் கலைத்தால் அது துண்டுதுண்டாய் உடையும். எண்ணெயோ மீண்டும் கூடிக்கொள்ளும்.

கண்ணுக்குத் தெரியாததை ஆய்கூடம் காட்டும். நீரைக் கண்ணாடிப் போத்தலிலே எடுத்தல் வேண்டும். பிளாத்திக்கின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். எக்சேன் என்னும் திரவத்தால் எண்ணெயைப் பிரித்து, ஊதா கடந்த கதிரைப் பாய்ச்சினால், எண்ணெய்ப் பொருள்கள் ஒளிரும். ஒளியின் அளவு எண்ணெயின் அளவை உணர்த்தும். ஆயினும் நீர் அன்றைய நிலையை மட்டுமே சொல்லும். நீரை வடித்துண்ணும் மட்டியின் தசை சில வாரங்களின் கதையைச் சொல்லும். வண்டலோடு படிந்த எண்ணெயைக் காக்கும் கண்டற்காட்டுச் சேறு பல ஆண்டுகளின் கதையைச் சொல்லும்.

2020 செப்டெம்பரில் 'நியூ டயமண்ட்' என்னும் கப்பல் நம் கிழக்குக் கடலில் தீப்பற்றியது. அதிலிருந்த 2,70,000 தொன் மசகெண்ணெய் தப்பியது. கப்பலை இயக்கும் எரிபொருளே கசிந்து படர்ந்தது. அத்தகைய இடர் நம் குடாவில் நேரின், மீனவர் தம் இழப்பை எதனால் நிறுவுவர்? 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் உண்டு. கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையும் உண்டு. ஆயினும் முன்னைய நிலை எழுத்தில் இல்லையேல் பின்னைய கேட்டை அளப்பது அரிது. நோயற்ற நாளில் நாடி பார்த்து வைத்த வைத்தியனே நோயுற்ற நாளில் வேறுபாட்டை உணர்வான்.

எனவே, மாணவர்காள், மாதந்தோறும் ஒரே நாளில், ஒரே துறையில் நின்று, நேரம், காற்றின் திசை, நீரின் நிறம் ஆகியவற்றை ஓர் ஏட்டிற் குறித்து வாருங்கள். விஞ்ஞானம் பயின்ற பழைய மாணவர்கள் வழிகாட்டுவார்களாக. யூபிலி ஆண்டில் தொடங்கும் அவ்வேடு, நம் குடாவுக்கு ஒரு நாள் சாட்சி சொல்லும்.