கார் கழுவ எந்த சோப்பு? மஞ்சளைக் கேளுங்கள்!

கார் கழுவ நல்ல சோப்பு எது? நுரை பொங்கும் சோப்பா? வாசனை வீசும் சோப்பா? விலை கூடிய சோப்பா?

மூன்றும் இல்லை! காரின் மேல்பூச்சுக்குக் கெடுதல் செய்யாத சோப்புதான் நல்ல சோப்பு. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அடுப்பங்கரையில் இருக்கும் மஞ்சள் தூளே போதும்.

பிழைப்பு தரும் கார்

தேனி மாவட்டத்தில், சின்னமனூருக்குப் பக்கத்தில் இருக்கிறது மார்க்கையன்கோட்டை. கம்பம் பள்ளத்தாக்கின் பச்சை வயல்களுக்கு நடுவே உள்ள ஊர். இந்தப் பக்கத்து ஊர்களில் வாடகைக் கார் ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. கல்யாணச் சவாரி, ஆஸ்பத்திரிச் சவாரி, கார்த்திகை பிறந்தால் குமுளி வழியாகச் சபரிமலைச் சவாரி.

வண்டி பளிச்சென்று இருந்தால்தான் சவாரி வரும். நாளைக்கு விற்றாலும் நல்ல விலை கிடைக்கும். அதனால் கடன் வாங்கிக் கார் எடுத்தவர், இன்னும் சில ஆயிரங்களைச் செலவழித்து "கோட்டிங்" போடுகிறார். பிறகு துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து வாரம் இரண்டு தடவை தேய்க்கிறார். போட்ட பணத்தைத் தம் கையாலேயே தேய்த்து எடுக்கிறார்!

முடியை விட மெல்லியது

காரின் நிறத்துக்கு மேலே கண்ணாடி போலத் தெளிவான ஒரு பூச்சு இருக்கிறது. பளபளப்பு தருவது அதுதான். அதன் கனம் ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லை.

அந்தப் பூச்சைக் காப்பாற்றத்தான் கோட்டிங். இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று, மெழுகு. பிரேசில் நாட்டில் ஒரு வகைப் பனை ஓலையில் இருந்து எடுக்கும் கார்னோபா மெழுகு இதற்குப் பேர் போனது. இது சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள் நிற்கும். இரண்டாவது, செராமிக் கோட்டிங். மணலில் இருக்கிறதே சிலிக்கா, அதுதான் இதிலும் முக்கியப் பொருள். நன்றாகப் பராமரித்தால் வருஷக்கணக்கில் நிற்கும்.

இரண்டுக்கும் ஒரே அடையாளம்தான். தண்ணீர் ஊற்றினால் தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டு ஓடும்.

காரம் என்னும் எதிரி

புளிப்பையும் காரத்தையும் அளக்க "பி.எச்." என்று ஒரு அளவு உண்டு. அது 0 முதல் 14 வரை. நடுவில் உள்ள 7 புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. எலுமிச்சைச் சாறு சுமார் 2. சலவைச் சோடாத் தண்ணீர் சுமார் 11. (இங்கே காரம் என்பது மிளகாய்க் காரம் அல்ல; சோடா, சுண்ணாம்பு ஆகியவற்றின் காரம்.)

துணி துவைக்கும் பவுடரில் சலவைச் சோடா சேர்கிறது. உடம்புக்குத் தேய்க்கும் சோப்புக் கட்டியும் பெரும்பாலும் காரம்தான். அழுக்குத் துணிக்கு அது சரி. காருக்கு ஆகாது. காரம் மெழுகைக் கரைத்து எடுத்துவிடும். செராமிக் கோட்டிங்கையும் நாளாவட்டத்தில் மங்க வைக்கும். காருக்கு ஏற்றது 7-ஐ ஒட்டிய சோப்பு. கடையில் அதை "கார் ஷாம்பு" என்பார்கள்.

மஞ்சள் பரீட்சை

மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டால் கறை சிவப்பாகிறதே, பார்த்திருக்கிறீர்களா? காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். அதுதான் ரகசியம்.

மஞ்சள் தூளைத் தண்ணீரில் குழைத்து ஒரு வெள்ளைக் காகிதத்தில் தடவிக் காய வையுங்கள். கார் கழுவும் அளவுக்குச் சோப்பைத் தண்ணீரில் கரையுங்கள். அதில் ஒரு சொட்டைக் காகிதத்தில் விடுங்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள்.

சோப்புச் சொட்டு சிவந்தால் அது காரம், காருக்கு வேண்டாம். இரண்டு சொட்டும் ஒன்று போல மஞ்சளாக இருந்தால் காரம் இல்லை என்று அர்த்தம்.

ஆனால் மஞ்சள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. புளிப்புச் சரக்கை அது காட்டிக் கொடுக்காது. பாத்திரம் கழுவும் திரவம் சிலவற்றில் மஞ்சள் சிவக்காமலும் இருக்கலாம். இருந்தாலும் அது எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே செய்தது. மெழுகையும் எடுத்துவிடும். ஆகவே மஞ்சளையும் பாருங்கள். டப்பாவில் எழுதியிருப்பதையும் படியுங்கள்.

கடையில் கேளுங்கள்

"அண்ணே, இது பி.எச். நடுநிலைதானா? கோட்டிங் போட்ட வண்டிக்கு ஆகுமா? மெழுகு கலந்திருக்கா?" என்று கேளுங்கள்.

மெழுகு போட்ட வண்டிக்கு மெழுகு கலந்த ஷாம்பு போடலாம். செராமிக் வண்டிக்கு வேண்டாம். அந்த மெழுகு மேலே படிந்து, தண்ணீர் முத்து முத்தாக உருள்வதைக் கெடுக்கும்.

சீயக்காய் போடலாமா? அரைத்த தூளில் திப்பி இருக்கும், அது கீறும். டீசலால் துடைக்கலாமா? கூடவே கூடாது. மெழுகு போகும், புழுதியும் ஒட்டும்.

கழுவும் முறை

நல்ல சோப்பும் மோசமான கையில் கெட்டுவிடும். இதை நினைவில் வையுங்கள்:

வெயிலில் கழுவாதீர்கள். சோப்பு காய்ந்து திட்டாகும்.

முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்குங்கள். புழுதியோடு தேய்த்தால் கீறல் விழும்.

இரண்டு வாளி வையுங்கள். ஒன்றில் சோப்புத் தண்ணீர். இன்னொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர்.

மேலிருந்து கீழே வாருங்கள். சக்கரம் கடைசி. சக்கரத் துணி வேறு.

போர் தண்ணீர் உப்பாக இருந்தால் உடனே மெத்தென்ற துணியால் ஒற்றி எடுங்கள். காய விட்டால் வெள்ளைப் புள்ளி விழும்.

பறவை எச்சத்தை அன்றைக்கே நனைத்து எடுங்கள். அது பூச்சை அரிக்கும்.

ஆற்றில் வேண்டாம்!

"வாய்க்காலில் வண்டியை இறக்கினால் வேலை முடிந்தது" என்பார்கள். வேலை முடியும். ஆனால் அந்தத் தண்ணீர் யாருடையது?

பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வருகிறது. இருபோக நெல்லை விளைய வைக்கிறது. வைகையில் சேர்கிறது, வைகை அணையில் தேங்கி, மதுரைக்காரர்களின் குடிநீராகவும் ஆகிறது. சோப்பும் எஞ்சின் எண்ணெயும் அதில் கலந்தால் மீனுக்கும் கேடு, மனிதருக்கும் கேடு. ஆறு குளங்களில் கழிவு கலப்பதை 1974-ம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. மென்மையான சோப்பும் ஆற்றுக்குச் சோப்புதான்!

கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, மண் தரையில் நிறுத்திக் கழுவுங்கள். குழாயைத் திறந்து விடாதீர்கள். வாளியில் மொண்டு ஊற்றினால் சில வாளித் தண்ணீரிலேயே வேலை முடியும்.

கழுவிய பிறகு கூரை மேல் ஒரு கை தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் உங்கள் கோட்டிங் உயிரோடு இருக்கிறது. போட்ட பணமும் பத்திரம்!