குழந்தையின் உறக்கம் ஓர் அமானிதம்



இரவை அமைதிக்கு உரியதாகவும் உறக்கத்தை ஓய்வாகவும் ஆக்கியிருப்பதை அல்லாஹ் தன் திருமறையில் நமக்கு நினைவூட்டுகிறான். இஷாவுக்குப் பின் பேசிக்கொண்டிருப்பதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. ஆனால் இன்று நம் இல்லங்கள் பலவற்றில் நள்ளிரவு வரை விளக்கு அணைவதில்லை. அதன் சுமையைப் பச்சிளம் பிள்ளைகளும் தாங்குகின்றனர்.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலாக, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அத்தா வளைகுடாவில் உழைக்கும் குடும்பங்கள் பல. சவூதி நேரம் நம் நேரத்திற்கு இரண்டரை மணி பின்தங்கியது. அங்கே இரவு 9 மணிக்கு அவர் அழைத்தால் இங்கே 11.30 ஆகிவிடும். அதுவரை பிள்ளையை விழிக்க வைக்கிறோம்; அல்லது எழுப்பி முகம் காட்டுகிறோம். அன்பினால் செய்வதே எனினும், நாளடைவில் அது பழக்கமாகிவிடுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 4 முதல் 11 மாதக் குழந்தைக்கு 12–16 மணி நேரமும், 1–2 வயதில் 11–14 மணி நேரமும், 3–4 வயதில் 10–13 மணி நேரமும் உறக்கம் தேவை.

நள்ளிரவில் பிள்ளை ஏன் அழுகிறது? எல்லாக் குழந்தைகளும் இரவில் பலமுறை சிறிது விழிப்பது இயல்பு. தூளியாட்டத்திலோ பால் குடித்தபடியோ மட்டுமே உறங்கிப் பழகிய பிள்ளை, விழிக்கும்போதெல்லாம் அதையே தேடி அழுகிறது. இது நோயன்று, பழக்கம். பழக்கத்தை மாற்ற இயலும். 52 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் அமெரிக்காவில் வெளியான மதிப்பாய்வு, இத்தகைய பயிற்சி பெற்ற குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் நன்கு முன்னேறியதைக் காட்டியது.

செய்ய வேண்டியவை இவை: படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் நிலையாக்குங்கள். முகம் கழுவுதல், பால், மங்கிய விளக்கு, துஆ, படுக்கை என்ற வரிசையை நாள்தோறும் மாற்றாதீர்கள். கண் சொக்கும்போதே, முழுதும் உறங்குமுன், படுக்கையில் கிடத்துங்கள். அழுதால் அருகிருந்து தட்டிக்கொடுங்கள்; அந்த உதவியைச் சில நாட்களில் சிறிது சிறிதாகக் குறையுங்கள். தனியறை தேவையில்லை.

முதல் சில இரவுகளில் அழுகை கூடலாம். தாய் உறுதியாக இருக்க, வீட்டுப் பெரியவர் ஒருவர் தூக்கிவிட்டால், நெடுநேரம் அழுதால் பலன் உண்டு என்றே பிள்ளை கற்றுக்கொள்ளும். எனவே முன்கூட்டியே எல்லோரும் கலந்து பேசி ஒருமனதாகுங்கள்.

குழந்தையின் அழுகுரல் கேட்டால் தொழுகையையே சுருக்கியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். ஆகவே பசி, காய்ச்சல், வலி ஆகியவற்றால் எழும் அழுகையைப் புறக்கணித்தல் கூடாது. ஆறு மாதத்திற்கு உட்பட்ட சிசு இரவில் பாலுக்கு எழுவது அதன் தேவை, இப்பயிற்சி அதற்கன்று. குறட்டை, மூச்சுத்திணறல், எடை கூடாமை இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். உறங்கவைப்பதற்காகச் சளி மருந்தை ஒருபோதும் புகட்டாதீர்கள்.

வளைகுடாவில் வாழும் சகோதரரே! இரண்டு வயது வரை பிள்ளைக்குத் திரையே வேண்டாம் என்ற இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கம், உறவினருடன் எப்போதாவது பேசும் காணொலி அழைப்பை மட்டும் விலக்காக வைத்தது. அந்த அழைப்பு மாலையில் வரட்டும். சவூதியின் வார விடுமுறையான வெள்ளி, சனிகளில் பகலிலேயே பிள்ளையைப் பார்க்கலாம். மற்ற நாட்களில் இரவு தாமதமானால் மனைவியிடம் மட்டும் பேசுங்கள், பிள்ளை உறங்கட்டும்.

அந்த உறக்கத்தில் அதன் உடலும் அறிவும் வளர்கின்றன. இரவெல்லாம் விழித்துத் தளர்ந்த தாய்க்கும் ஓய்வு கிடைக்கிறது. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக!