வாக்களித்த பென்ஷன்

முதுமைக்கென்று முதலாளி தருவதாகச் சொன்ன பணம் தானமா, கடனா? மாதச் சம்பளத்தை நம்பி வாழும் நாம் கேட்டே தீரவேண்டிய கேள்வி இது.

அமெரிக்காவில், இண்டியானா மாகாணத்து ஸௌத் பெண்ட் நகரில், ஸ்டூடிபேக்கர் கம்பெனி 1852-ல் வண்டிப் பட்டறையாகத் தோன்றி, பின்னர் மோட்டார் வண்டிகளால் புகழ் பெற்றது. வியாபாரம் நொடிக்கவே, 1963 டிஸம்பரில் அங்குள்ள தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. பென்ஷன் திட்டமும் முடிவுற்றது. பழைய உழைப்புக்கும் பென்ஷன் உண்டென்று ஒப்புக்கொண்ட கம்பெனி, அதற்கான பணத்தைச் சிறுகச் சிறுகவே செலுத்தி வந்தது; நிதி நிறையுமுன் கதவு சாத்தப்பட்டது. 10 ஆண்டுகள் உழைத்து 60 வயதை எட்டியவர்களுக்கு முழுப் பென்ஷன் கிடைத்தது. 40 முதல் 59 வயது வரையுள்ள சுமார் 4,000 பேருக்கோ டாலருக்கு 15 ஸெண்ட் வீதமே கிடைத்தது. அவர்களினும் இளையோருக்கு அதுவும் இல்லை.

இந்த அநீதி பலர் கண்ணைத் திறந்தது. 1974-ல் அந்நாட்டில் சட்டம் பிறந்தது. பளு தாங்காத முதலாளி, இனி வரும் ஆண்டுகளுக்குரிய பென்ஷனைக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். தொழிலாளி ஏற்கெனவே ஈட்டியதைக் குறைக்கலாகாது. நிதி போதாமல் திட்டம் முறிந்தால், சர்க்காரின் இன்ஷ்யூரன்ஸ் கழகம் ஒரு வரம்புவரை கொடுக்கும்.

இயலாத காலம் எந்த முதலாளிக்கும் வரலாம். ஆகவே, வாக்கைக் கேட்டு மகிழ்வதோடு நில்லாமல், “அதற்கு ஈடான பணம் நிதியில் சேர்ந்திருக்கிறதா?” என்று ஆண்டுதோறும் கேட்போமாக. ஈட்டிய பென்ஷன் தானமன்று, கடனே.