கடற்காற்று நமக்கும்தான்!

கடற்கரை விடுமுறை என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது எது? கிழக்கு ஆப்பிரிக்காவின் மொம்பாசா, சன்சிபார் போன்ற இடங்களின் வண்ணப் படங்கள். வெள்ளை வெளேரென்ற மணல், சாய்ந்த தென்னை மரங்கள், நிழலில் நாற்காலி போட்டு இளநீர் பருகும் உல்லாசப் பயணிகள். "இதெல்லாம் வசதி உள்ளவர்கள் சமாச்சாரம், நமக்கு எதற்கு?" என்று பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பி விடுகிறோம்.

வாசக அன்பர்களே, சற்று நில்லுங்கள். அதே மொம்பாசாவுக்கு ஒரு காலத்தில் நம்மைப் போன்ற உழைப்பாளிகளும் போனார்கள். 1896-ஆம் ஆண்டு தொடங்கிய உகாண்டா ரயில் பாதை வேலைக்கு இந்தியாவிலிருந்து சுமார் 32,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பஞ்சாப் பகுதியைச் சேர்ந்தவர்கள். கடலைக் கடந்து வந்த அவர்கள் கடலோரத்தில் காற்று வாங்க வரவில்லை. வெயிலில் தண்டவாளம் போட வந்தார்கள்.

நம் தாத்தா பாட்டிகளின் கதையும் அதுதானே! நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, வாந்தியும் மயக்கமுமாகக் கடலைக் கடந்தார்கள். ரஜூலா கப்பலின் பெயரைச் சொன்னாலே பெருமூச்சு விடும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள். பினாங்கில் இறங்கியவர்கள் பலர் ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கிடந்த பிறகுதான் தோட்டத்து மண்ணை மிதித்தார்கள். அதன் பிறகு அவர்களில் எத்தனை பேர் கடலைத் திரும்பிப் பார்த்தார்கள்? பெரட்டுக்களம், பால்மரம், லயத்து வீடு, ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு. வாழ்க்கை அதோடு முடிந்து போனது.

அவர்களுக்குக் கடல் பிரிவின் அடையாளம். நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அது ஓய்வின் இடமாக மாறக் கூடாதா? பெடாஸ் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கடற்கரை ஒன்றும் ஆப்பிரிக்காவில் இல்லை. போர்ட்டிக்சன் இருக்கிறது, காரில் போனால் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை!

விடுமுறை தானம் அல்ல, உரிமை

"லீவு எடுத்தால் துரை என்ன நினைப்பார்?" என்று பயந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயம் சிலர் மனத்தில் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம்.

தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒரே முதலாளியிடம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. இரண்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டு ஆகாதவருக்கு 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு 16 நாள். இவை குறைந்தபட்சக் கணக்கு. வாராந்தர ஓய்வு நாளும் பொது விடுமுறைகளும் இதில் சேராது, அவை தனி.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓர் ஆண்டு வேலைக்குக் கிடைத்த விடுமுறையை அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் எடுக்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். "இப்போது போக வேண்டாம்" என்று முதலாளி கேட்டுக்கொண்டு, தொழிலாளியும் எழுத்து மூலம் சம்மதித்தால்தான் அதற்கு ஈடாகப் பணம் கிடைக்கும். அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் அடிக்கடி வேலைக்கு மட்டம் போடுபவர், ஆண்டின் வேலை நாட்களில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அப்படிச் செய்திருந்தால், விடுமுறை உரிமையையே இழக்கிறார். ஒழுங்காக உழைத்தவருக்கு ஒழுங்கான ஓய்வு என்பதே இதன் பொருள்.

உலகெங்கும் தொழிலாளர்கள் இந்த ஓய்வை எளிதில் பெற்றுவிடவில்லை. பிரான்சு நாட்டில் 1936-ஆம் ஆண்டு பெரும் வேலைநிறுத்தங்களுக்குப் பிறகுதான் தொழிலாளர் அனைவருக்கும் இரண்டு வாரச் சம்பள விடுமுறை சட்டமானது. அந்தக் கோடையில் விடுமுறைக்குப் போகும் தொழிலாளர்களுக்கு ரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு தள்ளுபடி கொடுத்தார்கள். ஆலைத் தொழிலாளர்கள் பலர் வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் கடலைக் கண்டது அப்போதுதான். தோட்டம், வயல்வெளி ஆகியவற்றில் உழைப்போருக்கும் சம்பள விடுமுறை வேண்டும் என்று அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் உடன்பாடு கண்டது 1952-இல். இத்தனை பேர் போராடிப் பெற்றதை நாம் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி முன் தூங்கியே கழித்துவிடலாமா?

பெடாஸிலிருந்து புறப்பட்டால்...

பெடாஸ் என்றால் மலாய் மொழியில் காரம் என்று பொருள். காரமான ஊரிலிருந்து உப்பான ஊருக்குப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரிக்கலாம்!

லிங்கி வழியாகப் போகிறவர்கள், அருகிலுள்ள பெங்காலான் கெம்பாஸில் சற்று இறங்கிப் பார்க்கலாம். 1467-ஆம் ஆண்டில் மறைந்த ஷேக் அகமது மஜ்னுன் என்பவரின் சமாதியும், அதனருகே வாள், கரண்டி, சுக்கான் என்று பெயர் பெற்ற பழங்காலக் கற்களும் அங்கே நிற்கின்றன. துளை போட்ட கல் ஒன்றும் உண்டு. பொய் சொல்பவன் அதில் கையை விட்டால் கல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது ஊர் நம்பிக்கை. அது சமாதி உள்ள இடம். செருப்புச் சத்தமும் கூச்சலும் இல்லாமல் பார்த்து வருவது நம் பண்பு.

போர்ட்டிக்சன் ஊர் ஆங்கிலேயர் காலத்தில் ஈயமும் பிறகு ரப்பரும் கப்பலேறிய துறைமுகம். 1891-இலேயே சிரம்பானிலிருந்து அங்கே ரயில் பாதை போட்டார்கள். இப்போது அந்தப் பாதையில் பயணிகள் ரயில் இல்லை. நம் முன்னோர் வெட்டிய பாலும் தாளாகக் காய்ந்து கப்பலேறிய கரை அது. அந்தக் காலத்தில் அங்கே கடலோர பங்களாக்களில் தங்கிக் காற்று வாங்கியவர்கள் துரைமார்களும் அரசாங்க அதிகாரிகளும். இன்று அந்தக் கரை எல்லாருக்கும் பொது.

ஊரிலிருந்து தெற்கே தஞ்சோங் துவான் வரை கடற்கரை ஏறத்தாழ 18 கிலோ மீட்டர் நீள்கிறது. அதில் மக்கள் அதிகம் கூடுவது தெலுக் கெமாங். அங்குள்ள வானாய்வு நிலையத்திலும் நோன்பு மாதப் பிறை பார்க்கிறார்கள். தஞ்சோங் துவானில் காட்டுப் பாதையில் ஏறினால் மேலே கலங்கரை விளக்கம். போர்த்துகீசியர் காலத்திலிருந்தே அங்கே விளக்கு எரிந்தது. இன்றுள்ள கோபுரம் 1863-இல் கட்டப்பட்டது. நெகிரி மாநிலத்தின் ஓரத்தில் இருந்தாலும் அந்த முனை மலாக்கா மாநிலத்துக்குச் சொந்தம் என்பது ஒரு வேடிக்கை.

மார்ச் மாதம் போகிறவர்கள் வானத்தைப் பாருங்கள். தேன் பருந்துகள் சுமத்ராவிலிருந்து கடலைத் தாண்டி அந்த முனையில் கரை சேர்ந்து, வடக்கு நோக்கிப் போகின்றன. நீரிணை அங்கே குறுகி ஏறத்தாழ 40 கிலோ மீட்டர்தான். களைத்து வரும் பறவைக்கும் ஒரு கரை வேண்டும் அல்லவா?

பிள்ளைகளுக்கு மணல் சலித்துவிட்டால் ராணுவ அரும்பொருளகம் இருக்கிறது. 1933-இல் 25 இளைஞர்களோடு மலாய் ராணுவப் படை தொடங்கியது போர்ட்டிக்சனில்தான். திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

அம்மாவுக்கு எப்போது விடுமுறை?

நம் குடும்பங்களில் உல்லாசப் பயணம் என்றால் என்ன நடக்கிறது? விடியற்காலை மூன்று மணிக்கே அம்மா எழுந்து புளிச்சோறு கிளறுவார், முட்டை அவிப்பார், சம்பல் அரைப்பார். கடற்கரையில் மற்றவர்கள் தண்ணீரில் ஆட, அவர் பாயில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருப்பார். மாலையில் வீடு திரும்பியதும் மணலும் உப்புமாக மூட்டைத் துணி காத்திருக்கும். இது விடுமுறையா, இடம் மாறிய வேலையா?

காலையில் மரம் வெட்டி, மாலையில் அடுப்பூதிய கைகள் அவை. குடும்பத் தலைவர்களே, ஒரு நாளுக்காவது பொறுப்பைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். கட்டுச்சோறு ஒரே வீட்டில் தயாராக வேண்டியதில்லை. மூன்று குடும்பம் சேர்ந்து போனால் ஒருவர் சோறு, ஒருவர் பொரியல், ஒருவர் தேத்தண்ணீரும் பலகாரமும் என்று பிரித்துக்கொள்ளலாம். வேன் வாடகையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். பைகளுக்குக் காவலாக ஆண்கள் முறை வைத்து உட்காரலாம். பாத்திரம் கழுவுவது வாலிபப் பிள்ளைகள் வேலை. பையனுக்கும் அது பொருந்தும்!

வயதான பெற்றோரை "அவர்களுக்கு எதற்கு அலைச்சல்?" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். நிழலில் ஒரு நாற்காலி, கால் நனைய ஐந்து நிமிடம், அது போதும். கப்பலில் வந்த பெரியவர்களின் கதையை அவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் அறை வாடகை ஏறும், கூட்டமும் நெரியும். வாரநாளில் லீவு எடுத்துப் போனால் இரண்டும் குறையும். இரவு தங்குவதானால், மொத்த வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, எத்தனை பேர் தங்கலாம் என்பதை முதலிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். கடன் வாங்கிப் போகும் விடுமுறை திரும்பி வந்ததும் தலைவலிதான். தீபாவளிக்குச் சீட்டுப் போடுவது போல, மாதம் ஒரு சிறு தொகையை இதற்கென்று ஒதுக்குங்கள்.

அலையோடு அலட்சியம் வேண்டாம்

ஆனந்தமாகப் போன குடும்பம் அழுதுகொண்டு திரும்பக் கூடாது. கடல் நம் தோட்டத்து ஆறு அல்ல. அதற்கென்று ஒரு போக்கு உண்டு.

நாளொன்றுக்குத் தண்ணீர் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய ஆறு மணி நேரம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் இந்த ஏற்ற இறக்கம் அதிகம். வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியைப் பார்த்தாலே இதைத் தெரிந்துகொள்ளலாம். காலையில் முழங்கால் அளவு இருந்த இடம் மதியத்தில் பிள்ளையின் தலைக்கு மேல் போகலாம்.

சிவப்புக் கொடி பறந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது. சிறு பிள்ளைகள் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "பார்த்துக்கொள்" என்று அக்காளிடம் சொல்லிவிட்டு அரட்டையில் உட்காராதீர்கள், அவளும் பிள்ளைதான். காற்றடைத்த மிதவை வளையத்தை நம்பிவிட வேண்டாம். கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசினால் அது பிள்ளையோடு ஆழத்துக்குப் போய்விடும். மது அருந்தியவர் தண்ணீர்ப் பக்கம் போகவே கூடாது.

நீரோட்டம் உள்ளே இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகாதீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரை திரும்புங்கள். நீந்த முடியாவிட்டால் மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். யாராவது தத்தளித்தால் நீந்தத் தெரியாதவர் பாசத்தில் குதித்துவிடக் கூடாது; ஒரு உயிருக்கு இரண்டு உயிர் போகும். கயிறு, மூடிய காலிப் பிளாஸ்டிக் தோம்பு, மிதவை என்று கைக்குக் கிடைப்பதை எறியுங்கள், 999-க்கு அழையுங்கள்.

சொறி மீன் பட்டு எரிந்தால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள். வினிகர் ஊற்றி, உடனே மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

திரும்பும்போது குப்பையை ஒரு பையில் கட்டி எடுத்து வாருங்கள். நாம் உட்கார்ந்து போன இடம், அடுத்து வருபவர் முகம் சுளிக்காமல் உட்காரும் இடமாக இருக்கட்டும்.

தோட்டத்தில் இருந்தாலும், தோட்டத்தை விட்டு டவுனில் குடியேறிவிட்டாலும், ஓய்வை ஒத்திப்போடும் பழக்கம் மட்டும் நம்மை விடவில்லை. வீடு வாங்கிய பிறகு, மகள் கல்யாணம் முடிந்த பிறகு, ஓய்வு பெற்ற பிறகு என்று தள்ளிக்கொண்டே போகிறோம். அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுகிறான். பெற்றவர்களின் முழங்கால் மடங்க மறுக்கிறது. ஆகவே அன்பர்களே, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாட்காட்டியை எடுத்து ஒரு நாளைக் குறியுங்கள். நாளைக்கே லீவுக்கு எழுதிக் கொடுங்கள். மற்றதை வீட்டில் எல்லாரும் கூடிப் பேசித் தீர்மானித்துக்கொள்ளலாம்.